பாறையும் சேர்ந்த படம்

வரையாட்டைப் படம் எடுப்பது இன்றைக்கு அப்படியொன்றும் பெரிய காரியம் இல்லை. ஆழியார் அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்று ஒரு காட்சிமுனை. கீழே அணை, அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளி. வண்டியை நிறுத்தி இறங்கினால் சாலையோரத் தடுப்புச் சுவரின் மேலேயோ, அந்தப் பக்கத்துப் பாறையிலோ ஆடுகள் நிற்பதுண்டு. பேருந்து ஹாரன் அடித்தால் தலையைத் திருப்பிப் பார்க்கும், அவ்வளவுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாதது. அதைக் கைபேசியில் எடுத்து, அடுத்த வளைவு வருவதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்துவிடலாம்.

நானும் அங்கேதான் தொடங்கினேன். டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராக்கள் மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டும் விலைக்கு வந்துகொண்டிருந்த காலம். நண்பனிடம் இரவல் வாங்கிய 300 மி.மீ. லென்ஸோடு போய், சுவரோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெட்டையின் முகத்தை மட்டும் சட்டத்துக்குள் அடைத்து எடுத்தேன். படுக்கைவாட்டில் நீண்ட கண்மணி, கொம்பின் வளையங்கள், உதட்டில் ஒட்டியிருந்த புல் நுனி, எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. ஒரு வார இதழில் அது வெளியும் வந்தது. இதழைக் கையில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வனச்சரகர் ஒருவரைப் பார்க்கப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. பாறையத்தான் காணோம்."

"முகத்துக்காக எடுத்ததுங்க ஐயா."

"முகம் வேணும்னா ஜூவுலயே எடுத்துக்கலாமுங்களே."

காபி வந்தது, பேச்சு மாறிவிட்டது. எனக்கு அவர் சொன்னது அன்று உவப்பாக இல்லை. படம் எடுக்காதவர்கள் எதையாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்றும்கூட அவர் சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். நெருக்கத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றைக் கற்க நான் போனது மூணாறுக்கு.

மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் உயரமான சிகரம் ஆனமுடி, 2,695 மீட்டர், அதற்குள்தான் நிற்கிறது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரைமார்கள் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட மேட்டுநிலம் அது. கண்டவர்கள் சுடக் கூடாது, நாங்கள் மட்டும் அளவோடு சுடுவோம் என்று சங்கம் வைத்துக் காவல் போட்டார்கள்; அந்த மலைப் பழங்குடிகளான முதுவர்கள் காவலர்களானார்கள். வேட்டைக்காகக் காத்ததுதான் கடைசியில் ஆட்டையும் காத்தது. வரலாற்றில் இப்படிக் கோணலாக நடந்த நன்மைகளை நான் அதிகம் துருவுவதில்லை. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. அதற்கு முன்பே 1969இல் ஜார்ஜ் ஷாலர் வந்து இந்த ஆடுகளைக் கவனித்து எழுதினார். எழுபதுகளின் கடைசியில் கிளிஃபோர்ட் ரைஸ் என்ற அமெரிக்கர் இங்கேயே தங்கி, உப்பு வைத்து ஆடுகளைப் பழக்கி, அருகிலிருந்து ஆராய்ந்தார். பூங்காவில் ராஜமலைப் பக்கத்து ஆடுகள் மனிதரைக் கண்டு மிரளாமல் நிற்பதன் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

பூங்காவின் பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து மேலே போகும் தார்ச்சாலையில்தான் நான் வரையாட்டின் உடலைப் படித்தேன். ஆணா பெண்ணா, என்ன வயது என்று பார்த்தவுடன் சொல்லப் பழகுவது முதல் பாடம். பெட்டையும் இளங்கிடாவும் சாம்பல் கலந்த பழுப்பு. கிடா வளர வளர நிறம் இருண்டுகொண்டே போகும். முழுவளர்ச்சி அடைந்தபின் உடல் கருத்து, முதுகின் பின்பாதியில் வெள்ளி நிறத்தில் ஒரு திட்டு விழும். அதைப் பார்த்துத்தான் துரைமார்கள் கிழட்டுக் கிடாக்களுக்கு 'சேடில்பேக்' என்று பேர் வைத்தார்கள். கிடா 80 கிலோவைத் தாண்டும். பெட்டை அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல். இரண்டுக்கும் கொம்பு உண்டு, பின்னோக்கி வளையும், கிடாவினுடையது தடித்தது. முன்னங்கால் முட்டியில் மயிரற்றுக் காய்த்துப்போன ஒரு கறுப்புத் தோல். இமயமலைத் தார் என்ற காட்டு ஆட்டுக்கு நான்கு காம்பு, இதற்கு இரண்டே காம்பு என்பதைக்கூட அங்கே ஒரு தாய் ஆடு பாறைமேல் ஏறி நின்றபோது எண்ணிச் சரிபார்த்துக்கொண்டேன்.

இந்த இரண்டையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 1838இல் ஓகில்பி நம் ஆட்டை முதன்முதலாக விவரித்தார். அதன்பின் வந்தவர்கள் இமயமலைத் தார், அரேபியத் தார் ஆகியவற்றோடு இதையும் ஒரே குடும்பமாகச் சேர்த்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தபோது உறவுமுறை மாறிவிட்டது. இமயமலைத் தார் வெள்ளாட்டு வழி. நம் வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் செம்மறி. நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள், அதில் இது ஒன்று மட்டும். தோற்றத்தை வைத்து யார் யாருக்கு உறவு என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். இன்னொரு வேடிக்கை: இமயமலைத் தாரை 1904இல் நியூசிலாந்துக்குக் கப்பலேற்றி விட்டார்கள். அங்கே அது பெருகி, இப்போது சுட்டுக் குறைக்கிறார்கள். நம்முடையதை யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை. இங்கே போனால் போனதுதான்.

ராஜமலையில் ஒரு முதுவர் காவலர் எனக்குப் பழக்கமானார். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசமாட்டார். ஒரு கிடா என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்து நான் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தபோது பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்: "சார், அது உங்களைப் பாக்கல. உங்களுக்குக் கீழ பாக்குது."

"கீழ என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஆனா வந்தா கீழேருந்துதானே வரும்."

சிறுத்தை, புலி, செந்நாய் மூன்றும் அதைத் தின்னும். ஆபத்து சரிவின் அடியிலிருந்து ஏறி வரும் என்பது அதன் கணக்கு. மந்தை படுத்திருக்கும்போதும் ஒன்று, பெரும்பாலும் ஒரு பெட்டை, எழுந்து நின்று கீழ்ப்பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும். அதனால் மேலேயிருந்து இறங்கி வருகிறவனை அது அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை. வேட்டைக்காரர்களும் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

படம் எடுக்கிறவனுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலேயிருந்து எடுத்தால் முதுகும் கொம்பும்தான் விழும். ஆடு புல்லோடு ஒட்டிச் சப்பையாகத் தெரியும். கீழேயிருந்து எடுத்தால் வானத்துக்கு எதிரே கறுப்பு உருவம், அதற்குள் ஆடும் ஓடியிருக்கும். அதன் கண் மட்டத்திலேயே நிற்க வேண்டுமானால் எதிர்மலைக்குப் போக வேண்டும். நடுவில் பள்ளத்தாக்கு. அங்கிருந்து எந்த லென்ஸ் போட்டாலும் ஆடு சிறிதாகத்தான் வரும். பாறைதான் படத்தை நிறைக்கும். சரகர் கேட்ட படம் இதுதான். ஆனால் அவர் கேட்டதற்காக நான் எதிர்மலைக்குப் போகவில்லை. வேறு இடத்திலிருந்து எடுக்க முடியாமல் போய்ச் சேர்ந்தேன்.

மழைக்காலம் இன்னொரு பள்ளிக்கூடம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை இணைகூடும் பருவம். மற்ற மாதங்களில் தனிக்கூட்டமாகத் திரியும் கிடாக்கள் அப்போது பெட்டைகளின் மந்தைக்குள் வரும். அந்த மாதங்களில்தான் மேகம் மலையை விட்டு இறங்காது, அட்டை கால்சட்டைக்குள் ஏறும், லென்ஸின் உள்கண்ணாடி வேர்த்துவிடும். சேற்றைக் கொம்பால் குத்திக் கிளறி, கொம்பில் புல்லும் மண்ணும் தொங்க ஒரு கிடா நடந்து வரும். எதிரி அதே அளவாக இருந்தால் இரண்டும் பக்கவாட்டில் உடம்பைக் காட்டியபடி இணையாக நடக்கும். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும், சிறியது தலையைத் திருப்பிக்கொண்டு மேயப் போய்விடும். தீராதபோதுதான் முட்டல்.

பனிமூட்டத்தில் கருங்கிடாவை எடுப்பது தனி வித்தை. கேமராவின் ஒளிமானி வெண்மையைக் கண்டு பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கிடா ஒரு கரிக்கட்டி ஆகிவிடும், முதுகின் வெள்ளித் திட்டு காணாமலே போகும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுக்க வேண்டும். வெயிலில் நனைந்த பாறைமேல் அதே கிடா என்றால் கணக்கு தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் வானம் துல்லியமாக இருக்கும். ஆனால் பத்து மணிக்கு மேல் பாறை சூடாகிக் காற்று நெளியத் தொடங்கினால் தூரத்துப் படம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் எடுத்தது போல ஆகிவிடும். மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார் என்பதை நான் அந்த மேகத்துக்குள் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒரு கருவி செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தவர். எங்களுக்குக் கேமரா எல்லாம் செய்து கொடுக்கிறது, வியூஃபைண்டருக்கு வெளியே பார்ப்பதை மட்டும் செய்து கொடுப்பதில்லை.

வெளியே பார்க்கக் கற்றது நீலகிரியில், முக்குருத்தியில். 78 சதுர கிலோமீட்டர்தான், 1990 முதல் தேசியப் பூங்கா, சுற்றுலாவுக்குத் திறந்துவிட்ட இடம் இல்லை. அனுமதி வாங்கி, வனத்துறை ஆள் துணையோடு பங்கித்தப்பல் பக்கம் போனால் மலையின் மேற்கு விளிம்பு திடீரென்று அறுந்து கேரளத்தின் காடுகளுக்குள் விழும். இந்தப் பக்கம் மடிப்பு மடிப்பாகப் புல்வெளி, மடிப்பின் இடுக்குகளில் சோலை. அந்தப் பக்கம் செங்குத்து. வரையாடு இரண்டுக்கும் நடுவிலான கோட்டில் வாழ்கிறது. காலையிலும் பிற்பகலிலும் புல்லுக்கு வரும், வெயில் ஏறியதும் பாறைத் தளத்தில் படுத்து அசைபோடும். ஆனால் விளிம்பை விட்டு வெகுதூரம் உள்ளே வராது. எவ்வளவு நல்ல புல் இருந்தாலும் பக்கத்தில் பாறை இல்லாவிட்டால் அந்தப் புல் அதற்கு இல்லாத மாதிரிதான்.

இதை நான் வாசித்திருந்தேன். கண்ணால் கண்டது பிப்ரவரியில் ஒரு காலை. குட்டி ஈனும் பருவம் அது. ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சினை, பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. இரவிகுளத்தில் அதற்காகவே ஆண்டுதோறும் அந்த மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். எதிர்மலையில் குட்டிகளோடு ஒரு மந்தை. கேமராவில் அவை வெறும் புள்ளிகளாகத் தெரிந்ததால் அதை மூடி வைத்துவிட்டு, துணைக்கு வந்த காவலரின் பைனாகுலரை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டிகள் ஒரு பாறை மேட்டுக்கு ஓடி ஏறுவதும், ஒன்றை ஒன்று தள்ளிவிடுவதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தன. விளையாட்டு என்றுதான் தோன்றும். ஆனால் அவை தாண்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழே தரை இல்லை.

சட்டென்று ஒரு சீழ்க்கை. நிஜமாகவே மனிதன் வாயைக் குவித்து அடிப்பது போன்ற ஒலி, பள்ளத்தாக்கைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. மேய்ந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. குட்டிகள் தாய்களை ஒட்டின. மான் கூட்டமாக இருந்தால் ஆளுக்கொரு திசையில் சிதறியிருக்கும். இவை ஒன்றாகச் சேர்ந்து, நேராகப் பாதாளத்தை நோக்கி ஓடின. விளிம்பில் நிற்கும் என்று நினைத்தேன். நிற்காமல் விளிம்பைத் தாண்டி இறங்கின. பைனாகுலரைத் தாழ்த்தித் தேடினால், கால் வைக்க இடமே இல்லாத பாறைமுகத்தில் அங்கொன்று இங்கொன்றாக நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன, குட்டிகள் உட்பட. குளம்பின் ஓரம் கெட்டி, நடுப்பகுதி மெத்தென்ற திண்டு; பாறையைக் கவ்விக்கொள்ளும். அது எதைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு வால்பாறைச் சாலையில் நிற்கும் ஆடுகளைப் பார்க்கும்போது எனக்கு வேறு கவனம் வந்துவிட்டது. அவையும் காட்டு ஆடுகள்தான், சுவருக்கு அப்பால் நல்ல பாறைச்சரிவு இருப்பதால்தான் வழக்கமான உயரத்துக்கு வெகு கீழே உள்ள அந்த இடத்தில் வாழவும் முடிகிறது. ஆனால் காரிலிருந்து நீளும் சிப்ஸ் பொட்டலத்துக்காகச் சாலைக்கு வரும் ஆடு, கீழே பார்ப்பதை நிறுத்திவிட்ட ஆடு. உணவு கொடுக்காதீர் என்ற பலகைக்கு அடியிலேயே நின்று கொடுக்கிறார்கள். குழந்தையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து நீட்டச் சொல்லி, அப்பா படம் எடுக்கிறார். வனத்துறையினர் விரட்டினால் கொஞ்சம் தள்ளிப்போய் அடுத்த வளைவில் நிறுத்துகிறார்கள். அங்கே நான் இப்போது கேமராவை எடுப்பதில்லை.

எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஆளுக்கொரு பதில் இருந்தது. அதை முதலில் ஒழுங்காகத் தேடிப் போனவர் ஈ.ஆர்.சி. டேவிதார், குன்னூரில் வழக்கறிஞர். 1975இல் அவர் செய்த ஆய்வை நினைவுகூரத்தான் அக்டோபர் 7ஆம் தேதியை வரையாட்டு நாள் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. வழக்குக் கட்டுகளுக்கு நடுவில் மலை ஏறி ஆடு எண்ணிய மனிதரை நினைக்க எனக்குப் பொறாமையாக இருக்கும். 2022இல் அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. அதன்கீழ் 2024இல் ஒரே சமயத்தில் பல வாழிடங்களில் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,031. அடுத்த ஆண்டு 1,303. ஆனால் அந்த முறை கூடுதல் இடங்களில் எண்ணினார்கள் என்பதால் வித்தியாசம் முழுவதும் புதுக் குட்டிகள் இல்லை. கேரளத்தில் 1,365 என்று வந்தது.

மூடுபனிக்குள் மறையும் மந்தையை எப்படி எண்ணுவது என்று நீலகிரியில் பணியாற்றும் வனவர் ஒருவரிடம் கேட்டேன். ஒரு பகுதியைப் பலமுறை எண்ணுவார்கள். மிக அதிகமாக வந்த எண்ணை இரட்டித்து, அதற்கு அடுத்ததாக வந்த எண்ணைக் கழிப்பார்கள். ஒருமுறை 30, இன்னொருமுறை 26 என்றால் விடை 34. இன்னொரு முறையில், இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியே மந்தைகளைக் குறிக்கும். ஒருவர் கண்டு மற்றவர் தவறவிட்டது எத்தனை என்று தெரிந்தால், இருவருமே தவறவிட்டது எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடலாம். காணாததையும் எண்ணிக்கைக்குள் கொண்டுவரும் அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெட்டை, கிடா, வெளிர் கிடா, கருங்கிடா, சேடில்பேக், ஒரு வயதுக் குட்டி, இந்த ஆண்டுக் குட்டி என்று பிரித்தும் எழுத வேண்டும். ராஜமலையின் தார்ச்சாலையில் படித்த பாடம் அங்கே உதவும்.

அந்த வனவர்தான் என் பழைய படங்களைக் கேட்டார். நல்லதாக நாலைந்து முகங்களைத் தேர்ந்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நெருக்கமா எடுத்ததெல்லாம் வேண்டாம் சார். தூரத்துல, மலையோட எடுத்திருப்பீங்களே, அது இருக்கா?"

அவருக்கு வேண்டியது சீகை மரத்தின் கணக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தைத்தான் மலையில் சீகை என்கிறார்கள். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நீலகிரியின் புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் முளைக்காமல் கிடக்கும். ஒரு தீ பட்டால் மொத்தமாக எழுந்துவரும். வெட்டினாலும் விடாது. சீகை மூடிய சரிவில் வரையாட்டுக்குப் புல்லும் இல்லை, தூரத்தில் வருவது தெரியப் பார்வையும் இல்லை. எந்தச் சரிவில் எந்த ஆண்டு அது எதுவரை வந்திருந்தது என்று தெரிந்தால், எங்கே முதலில் அகற்றுவது என்று முடிவு செய்யலாம் என்றார். இதழ்கள் எதுவும் வாங்காத, ஆடு புள்ளியாகத் தெரியும் எதிர்மலைப் படங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒரே விளிம்பு, வெவ்வேறு ஆண்டுகள். இரண்டை அருகருகே வைத்தபோது, முன்பு மந்தை மேய்ந்த ஒரு தோள்பட்டை முழுக்கப் பின்னதில் சீகையாக இருந்தது.

இப்போது அவற்றைத் தேதி, இடம், நான் நின்ற மேடு என்று அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். கோப்பில் தேதி தானாகப் பதிந்திருப்பது நல்லதாகப் போயிற்று. இடம் மட்டும் தகராறு. மேகம் மூடிய படங்களில் எந்த மலை எது என்று எனக்கே தெரியவில்லை. அவற்றைத் தனியாக ஒரு கட்டாக வைத்திருக்கிறேன். வனவர் வந்தால் பார்த்தவுடன் சொல்லிவிடுவார், அவர் அந்த மலைகளில் தினமும் நடக்கிறவர்.